ஒட்டடைக் கம்பை எடுக்கும் முன்

போன மாதம் இந்தப் பகுதியில் பல்லியைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, என் வீட்டுத் தினசரி நாட்காட்டிக்குப் பின்னால் பெரிய எட்டுக்கால் பூச்சி ஒன்று முட்டைப் பையைக் கட்டிப்பிடித்தபடி இருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். பயந்தவர்கள், கோபப்பட்டவர்கள், 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று கேட்டவர்கள் என எல்லோரும் இருக்கிறார்கள். 31 வருடம் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த ஜீவனைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று வெகுநாள் காத்திருந்தேன். அதனால் இந்த மாதம் முழுக்க எட்டுக்கால் பூச்சிதான்.

திருத்துறைப்பூண்டி வாசகி: நீங்கள் எழுதியது போலவே உள்ளங்கை அகலத்தில் ஒன்று எங்கள் சமையலறையிலும் திரிகிறது. தவழும் பேரன் இருக்கிற வீடு. அது விஷமா? உங்கள் வீட்டில் முட்டை பொரித்ததா?

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன் அம்மா. அது வலை பின்னாத சிலந்தி. பகலில் கதவிடுக்கு, அலமாரியின் பின்புறம், சிலிண்டர் மூலை என்று தட்டையாக ஒட்டிக் கிடக்கும். ராத்திரி விளக்கணைத்த பிறகு கரப்பானைத் தேடிக் கிளம்பும். கால்களை விரித்தால் 10 செ.மீ. வரை இருக்கும், உடம்பு என்னவோ 2, 3 செ.மீ.தான். ஹெட்டிரோபோடா வெனடோரியா என்பது அறிவியல் பெயர். அதில் 'வெனடோரியா' என்பதை உயிரினங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1767-லேயே வைத்துவிட்டார். கப்பல் சரக்கோடும் வாழைத்தாரோடும் ஒட்டிக்கொண்டு வெயில் நாடுகள் அத்தனைக்கும் போய்ச் சேர்ந்த இனம் இது.

கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும். கடுத்து, வீங்கி, பிறகு அடங்கிவிடும். தானாகத் தேடி வந்து ஆளைக் கடிப்பதில்லை. விளக்கைப் போட்டதும் அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தாலே யாருக்கு யாரிடம் பயம் என்று தெரிந்துவிடும். பிள்ளை தவழும் வீட்டில் எனக்குக் கவலை கரப்பானைப் பற்றித்தான். அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் சில குழந்தைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். ஒரு கரப்பான் முட்டைக்கூட்டில் 14 முதல் 16 குஞ்சுகள் வரை இருக்கும். அதைத் தின்ன உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லும் சேதி.

அப்படியும் மனசு கேட்கவில்லையென்றால் அடிக்காதீர்கள். மிட்டாய்க் கடையில் தரும் ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் மெல்லக் கவிழ்த்து, அடியில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைச் செருகி, அப்படியே தூக்கிக்கொண்டு போய் வெளியே விறகடுக்கிலோ மாட்டுக்கொட்டகையிலோ விட்டுவிடுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். உள்ளே கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விளிம்பில் நசுக்கிவிடுவோம்.

இனி, என் வீட்டுக்காரியின் கதை. தினமும் காலையில் தேதித்தாளைக் கிழிக்கும்போது அட்டையை லேசாகத் தூக்கிப் பார்ப்பேன். முதல் நாள் பார்த்தபோது வயிற்றுக்கடியில் வெள்ளையாக, 5 ரூபாய் நாணயத்தைவிடச் சிறிது பெரிதாக, அப்பளம் போலத் தட்டையாக ஒரு பை. வாயருகே இருக்கும் இரண்டு குட்டைக் கைகளால் அதைத் தாங்கியிருந்தாள். முகத்தில் கண்களுக்குக் கீழே சந்தனம் பூசியது போல வெளிறிய பட்டை. நான் அட்டையைத் தூக்கினால் ஓடமாட்டாள்; பையை இன்னும் இறுக்கிக்கொண்டு ஒரு விரற்கடை மட்டும் நகர்வாள். அந்த நாட்களில் அவள் எதையும் பிடித்துத் தின்று நான் பார்க்கவில்லை. நாளுக்கு நாள் வயிறு ஒட்டிக்கொண்டே வந்தது. 26 தாள் கிழித்தேன். 27-ஆம் நாள் பையின் ஓரம் பிரிந்திருந்தது. சவ்வரிசிக்குக் கால் முளைத்தது போல நூறு, நூற்றைம்பது குஞ்சுகள் நாட்காட்டி அட்டையின் பின்பக்கம் முழுக்க ஒட்டியிருந்தன. ஒன்றையொன்று தொடாமல், ஒரே இடைவெளியில், புள்ளிக்கோலம் போல. அன்று தாளைக் கிழிக்கவில்லை.

மூன்றாம் நாள் எல்லாம் கலைந்துவிட்டன. சிலவற்றை ட்யூப்லைட் பல்லி தின்றதை நானே பார்த்தேன். போன வாரம் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்கு வளர்ந்த ஒன்று இருந்தது. அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். தாய் எங்கே என்று தெரியவில்லை. ஆனால் ராத்திரி சிங்க் அடியில் கரப்பான் சிறகு இரண்டு கிடக்கிறது.

சென்னை வாசகர்: நாங்கள் இருப்பது 14-வது மாடி. கொசுவலை அடித்த ஜன்னல், தினமும் துடைக்கும் வீடு. இவ்வளவு உயரத்துக்குச் சிலந்தி எப்படி ஏறி வருகிறது?

ஏறி வர வேண்டியதே இல்லை. பறந்து வரும். பொரித்த குஞ்சுகள் உயரமான இடமாகப் பார்த்து நின்று, பின்புறத்தைத் தூக்கி, மெல்லிய நூலைக் காற்றில் விடும். நூலைக் காற்று இழுக்க, கூடவே குஞ்சும் போய்விடும். 1832-இல் டார்வின் பீகிள் கப்பலில் போகும்போது, அர்ஜென்டினா கரையிலிருந்து சுமார் 60 மைல் தள்ளி நடுக்கடலில் ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள் பாய்மரக் கயிறுகளில் வந்து இறங்கியதைக் குறித்து வைத்திருக்கிறார். 60 மைல் கடலைத் தாண்டியவற்றுக்கு 14 மாடி எம்மாத்திரம். காற்று மட்டுமல்ல, வானத்துக்கும் தரைக்கும் இடையே எப்போதும் இருக்கும் மின்புலமும் அந்த நூலைத் தூக்கிக்கொடுக்கும் என்பதை 2018-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டினார்கள். காற்றோட்டமே இல்லாத பெட்டிக்குள் மின்புலத்தைப் போட்டதும் சிலந்திகள் கால் நுனியில் எழும்பி நின்று நூல் விட்டன.

கொசுவலைக் கண்ணியில் அந்தக் குஞ்சுகள் நுழைந்துவிடும். உள்ளே கொசுவும் ஈயும் இருந்தால்தான் தங்கும். பால்கனி விளக்கு பளீர் வெள்ளையாக இருந்தால் மஞ்சள் ஒளி பல்பாக மாற்றிப் பாருங்கள். பூச்சி வரத்துக் குறையும், வலையும் குறையும்.

தென்காசி வாசகி: விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளுக்குக் கழுத்தில் நெருப்புப் பட்டது போல நீளமாகச் சிவந்து கொப்புளம் வந்திருக்கிறது. 'எட்டுக்கால் பூச்சி எச்சம் பட்டுவிட்டது' என்கிறார்கள். கூட இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே மாதிரி. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை எழுதலாம். எட்டுக்கால் பூச்சியின் தலையில் அநியாயமாக விழுந்த பழிகளில் பெரியது இதுதான்.

மழைக்காலம் முடிந்த கையோடு, வயல் பக்கத்து விடுதி, ட்யூப்லைட்டுக்குக் கீழே கட்டில், ஒரே அறையில் மூன்று பேர் என்றால் பெரும்பாலும் ஆள் வேறு. ராத்திரி படிக்கும் மேஜையைக் கவனிக்கச் சொல்லுங்கள். எறும்பு போல ஒல்லியாக, 1 செ.மீ.க்கும் குறைவான நீளத்தில், உடம்பு ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக, வால் நுனியை மேலே மடக்கிக்கொண்டு ஓடும் ஒரு வண்டு. நடுவில் இறக்கை மூடி மட்டும் கருநீலத்தில் மினுங்கும். பெடரஸ் என்று பெயர். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கக் கலக்கத்தில் கையால் தேய்த்து நசுக்குகிறோமே, அப்போது அதன் உடம்பில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் கோடாக இழுபடுகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் எரிச்சலும் சிவப்பும் வரும். அதனால்தான் ஆள் அகப்படுவதில்லை. மூலையில் வலையோடு உட்கார்ந்திருக்கும் எட்டுக்கால் பூச்சி அகப்படுகிறது. முழங்கை மடிப்பில் பட்டால் மேலும் கீழும் ஒரே அச்சாகப் புண் வரும். அப்படி இரட்டைப் புண் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டினால் களிம்பு தருவார். பச்சிலை, சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். இனி அந்த வண்டு மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிட வேண்டும். படுக்குமுன் போர்வையை உதறுவதும், ராத்திரி விளக்கெரியும்போது ஜன்னலைச் சாத்துவதும் உதவும். வயலில் அந்த வண்டு நெற்பயிரைச் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகளைத் தின்கிற உழவர் துணை. அதனால் அதன் மேலும் எனக்குக் கோபம் இல்லை.

ஒரு பக்கமாக மட்டும், நெஞ்சிலிருந்து முதுகு வரை பட்டையாகக் கொப்புளம் வந்து கடுமையாக வலித்தால் அது வேறு. அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் (சிக்கன்பாக்ஸ்) கிருமி நரம்பில் தங்கியிருந்து திரும்ப எழுவது. அதற்கும் சிலந்தியைத்தான் சொல்வார்கள். காவி பூசிக்கொண்டு காத்திருக்காமல், முதல் 3 நாளுக்குள் மருத்துவரிடம் போனால் மருந்து நன்றாகக் கேட்கும்.

புதுக்கோட்டை வாசகர்: என் அப்பத்தாவுக்கு அந்தக் காலத்தில் 'காலில் சிலந்தி வந்து' வெள்ளை நூலாக வெளியே எடுத்தார்களாம். சிலந்தி உடம்புக்குள் நூல் விடுமா?

விடாது. உங்கள் அப்பத்தா சொன்னது பொய்யும் இல்லை. தமிழில் சிலந்தி என்றால் பூச்சி மட்டுமல்ல, புண்ணுக்கும் கட்டிக்கும் அதே பெயர் உண்டு. அப்பத்தாவுக்கு வந்தது நரம்புச் சிலந்தி. அது ஒரு புழு. படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணற்றிலும் ஊருணியிலும் இருந்த கண்ணுக்குத் தெரியாத நீர்த்தெள்ளுகளோடு வயிற்றுக்குள் போய், ஒரு வருடம் உள்ளேயே வளர்ந்து, கணுக்காலில் கொப்புளம் கட்டி உடைத்துக்கொண்டு வெளியே தலை நீட்டும். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அறுந்துவிடாமல் ஒரு குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி எடுப்பார்கள். அதைத்தான் நூல் என்றிருக்கிறார்.

தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லியும், படிக்கிணறுகளை மூடியும் இந்தியா இதை ஒழித்தது. கடைசி நோயாளி 1996-இல். 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்று தந்தது. புழு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கும் தோலில் என்ன புண் வந்தாலும் 'சிலந்தி' என்ற சொல் வாயில் வருகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் கண் கூரை மூலைக்குப் போகிறது.

ஐந்தாம் வகுப்பு மாணவன், கோவில்பட்டி: செத்துப்போன சிலந்தி ஏன் எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு கிடக்கிறது டீச்சர்?

தம்பி, நீ நன்றாகக் கவனித்திருக்கிறாய். உன் முழங்காலை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை இருக்கிறது. சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளில் மடக்கும் தசை மட்டும்தான் உண்டு. நீட்டுவதற்கு அது உடம்பிலிருந்து ரத்தத்தைக் காலுக்குள் அழுத்தித் தள்ளும். சைக்கிள் ட்யூபுக்குக் காற்றடித்தால் விறைக்கிறதே, அந்த மாதிரி. உயிர் போனதும் அழுத்தம் போய்விடும், மடக்கும் தசை மட்டும் மிஞ்சும். அதனால் எட்டும் உள்ளே சுருண்டுவிடும்.

சுவரில் சின்னதாக, முன்னால் இரண்டு பெரிய கண்ணோடு, நீ விரலை நீட்டினால் தலையைத் திருப்பி உன்னையே பார்க்கும் ஒன்று இருக்கும், பார்த்திருக்கிறாயா? அது குதிக்கும் சிலந்தி. பின்னங்காலுக்குள் சட்டென்று ரத்தத்தை அழுத்தித்தான் அது அவ்வளவு தூரம் தாவுகிறது. தாவுமுன் சுவரில் ஒரு நூலை ஒட்டிவிட்டுத்தான் தாவும். குறி தப்பினால் அந்த நூலிலேயே தொங்கித் திரும்ப ஏறிவிடும். என் மேஜை மேல் ஈ உட்கார்ந்தால் அது பூனை மாதிரி பதுங்கிப் பதுங்கி வரும். ஈ திரும்பினால் நிற்கும், ஈ கால் தேய்த்தால் நகரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார், பள்ளியில் சொல்லித்தராத பாடம் கிடைக்கும்.

இன்னொன்று. மடங்காமல், கால் விரித்தபடியே, ஊதினால் பறக்கிற மாதிரி லேசாக ஒரு 'செத்த சிலந்தி' கிடைத்தால் முதுகைப் பார். மூடி திறந்தது போல இருந்தால் அது சாகவில்லை, தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்து.

ஸ்ரீரங்கம் வாசகி: வெள்ளிக்கிழமை ஒட்டடை இருந்தால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று மாமியார் சொல்கிறார். எனக்கோ அதைக் கொல்ல மனசில்லை. நீங்கள் யார் பக்கம்?

இரண்டு பேர் பக்கமும் இருக்கிறேன் அம்மா, ஏனென்றால் நீங்கள் இருவரும் பேசுவது இரண்டு வேறு பொருட்களைப் பற்றி. ஒட்டடை என்பது (எங்கள் பக்கத்தில் நூலாம்படை என்போம்) சிலந்தி கைவிட்டுப் போன பழைய வலை, புகையும் தூசியும் பட்டுக் கறுத்துத் தொங்குவது. அதில் சிலந்திக்கு ஒரு பயனும் இல்லை. அதை மாமியார் தாராளமாக அடிக்கட்டும், நானும் வாராவாரம் அடிக்கிறேன். ஆள் இருக்கும் வலை சுத்தமாக இருக்கும், வெயில் சாய்ந்து பட்டால்தான் கண்ணுக்கே தெரியும்.

உங்கள் வீட்டு மூலையில் இருப்பது பெரும்பாலும் குச்சி போன்ற நீளக் காலோடு தலைகீழாகத் தொங்கும் சிலந்தியாக இருக்கும். ஒட்டடைக் கம்பின் நுனியால் வலையை லேசாகத் தொடச் சொல்லுங்கள். உடம்பு மங்கலாகத் தெரியும் அளவுக்குக் கிடுகிடுவென்று தன்னைத்தானே ஆட்டிக்கொள்ளும். எதிரிக்குக் குறி தப்ப வேண்டும் என்பதற்காக. வாயில் இளஞ்சிவப்பாகக் கடுகுக் கொத்துப் போல ஏதாவது கவ்வியிருந்தால் அது முட்டை. பொரிக்கும்வரை அப்படியே கவ்வியிருக்கும். இந்தக் கூட்டத்தில் கிராசோபிரைசா லயோனி என்ற இனம் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பிடித்துத் தின்பதைத் தாய்லாந்து வீடுகளில் ஆராய்ந்து 1997-இல் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளிலும் இருப்பது அதே இனம்தான். வலையில் பசை கிடையாது. கொசு இடறி விழுந்ததும் பின்னங்காலால் நூலை வாரி வாரி வீசிச் சுருட்டிவிடும். கட்டிலுக்கடியில், கொசு பகலில் ஒதுங்கும் இடத்தில் இது இருப்பதை நான் தொடுவதில்லை.

மாமியாரிடம் இன்னொன்றும் பேசலாம். உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தானே திருவானைக்கா. வெண்ணாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி வலைப்பந்தல் போட்டது. காவிரி நீரைத் துதிக்கையில் கொண்டுவந்து பூசித்த யானைக்கு அது அழுக்காகத் தெரிந்தது, தினமும் பிய்த்துப் போட்டது. சிலந்தி மறுபடி கட்டியது. கடைசியில் சினந்து துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை துதிக்கையைத் தரையில் அறைய, இரண்டும் மடிந்தன. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத படிகளோடு மாடக்கோயில்களாகக் கட்டியது என்பது நம் முன்னோர் சொன்னது. ஸ்ரீகாளஹஸ்தி என்னும் திருக்காளத்தியின் பெயரில் பாம்புக்கும் யானைக்கும் முன்னால் 'ஸ்ரீ' என்று நிற்பதும் சிலந்திதான். இந்தக் கதையைச் சின்ன வயதில் என் அம்மா சொல்லும்போது யானை மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரும். இப்போது வருவதில்லை. அதுவும் சுத்தம் செய்வதாகத்தான் நினைத்தது, உங்கள் மாமியாரைப் போல.

வேலூர் வாசகர்: நீளக்கால் சிலந்திக்குத்தான் உலகிலேயே கொடிய விஷம், பல் சின்னது என்பதால் நாம் பிழைத்தோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

ஆதாரமில்லாத பேச்சு. அதன் விஷம் கொசுவுக்கும் மற்றச் சிலந்திகளுக்கும் போதும், நம்மை ஒன்றும் செய்யாது. தூங்கும்போது வருடத்துக்கு 8 சிலந்தியை விழுங்குகிறோம் என்று அடுத்து ஒன்று வரும். அதுவும் பொய். மூச்சுக்காற்றும் குறட்டையும் அதிர்கிற இடத்துக்குச் சிலந்தி வராது.

திருப்பூர் வாசகி: வீடு முழுக்க மருந்தடித்துவிட்டால் எல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடாதா?

நான் அடித்துப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் தம்பி வீட்டார் வற்புறுத்தி ஒரு நிறுவனத்தை அழைத்து வந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு பூச்சி இருக்காது என்றார்கள். அரை நாள் வாசலில் உட்கார்ந்துவிட்டு உள்ளே போனேன். தரையெங்கும் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன, நடுநடுவே சுருண்ட சிலந்திகள். முறத்தில் கூட்டி அள்ளினேன். சிலந்திகளை மட்டும் எண்ணினேன், 43. அத்தனை பேர் என்னோடு குடியிருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாவது வாரம் சாக்கடைக் குழாய் வழியாகக் கரப்பான் திரும்ப வந்துவிட்டது. மருந்து தொடாத முட்டைக்கூடுகளும் பொரித்தன. சிலந்தி திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் இருந்த அந்த மாதங்களில் ராத்திரி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவு கரப்பான். அதற்குப் பிறகு மருந்து அடிக்கவில்லை. சாக்கடை மூடிக்கு வலை வைத்தேன், எச்சில் பாத்திரத்தை ராத்திரி போட்டு வைப்பதில்லை, அட்டைப்பெட்டிகளைச் சேர்ப்பதில்லை. மிச்ச வேலையை அவை பார்த்துக்கொள்கின்றன.

கரூர் வாசகர்: புதிதாக வெள்ளையடித்த சுவரில் பொட்டுப் பொட்டாக வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருக்கிறது. துடைத்தால் மறுநாளும் வருகிறது. பூஞ்சையா?

உருப்பெருக்கியில் பாருங்கள். நாணயம் அளவு நூல் விரிப்பு, அதன் கீழே 3 மி.மீ. கூட இல்லாத தட்டைச் சிலந்தி. எறும்பு அந்தப் பக்கம் வந்தால் அதைச் சுற்றிச் சுற்றி வட்டமாக ஓடி நூலால் சுவரோடு தைத்துவிடும். சுவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. கண்ணுக்கு உறுத்தினால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். எறும்புச் சாரை எங்கே போகிறது என்று தேடி அடைத்தால் தானாகக் குறையும்.

ராமநாதபுரம் மாவட்ட வாசகர்: எங்கள் புளியந்தோப்பு வீட்டு வாசல் சுவரில் ராத்திரி கை அகலத்துக்கு, ரோமத்தோடு, சாம்பல் நிறத்தில் கோலம் போட்டது போல ஒன்று இருந்தது. நாட்காட்டிச் சிலந்தியின் உறவா? அடிக்கப் போனோம், மரத்தில் ஏறிவிட்டது. பொந்து நிறைய இருப்பதால் அந்த மரத்தையே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறோம்.

ஐயா, நல்ல வேளை அடிக்கவில்லை. நீங்கள் சொல்லும் ரோமமும் சாம்பல் கோலமும் வைத்துப் பார்த்தால் அது மரப்பொந்தில் வாழும் பெரிய சிலந்தி வகை, பொசிலோதேரியா என்பார்கள். நாட்காட்டிச் சிலந்திக்கு மிகத் தூரத்து உறவுதான். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இந்த வகை இருக்கிறது. அதில் ஓர் இனத்துக்கு 2004-இல் ராமேஸ்வரத்தில் உள்ள அனுமன் கோயிலின் பெயரையே வைத்தார்கள். ராமேஸ்வரம் தீவையும் உங்கள் பக்கத்துப் புளியந்தோப்புகளையும் இலங்கையின் மன்னாரையும் விட்டால் அதற்கு வேறு போக்கிடமில்லை என்பதால், மிகவும் அழிவுநிலையில் இருப்பதாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இருக்கிறது. வளர்ப்பதற்காகப் பிடித்து வெளிநாட்டில் விற்கிறார்கள். அந்த வகை முழுவதையும் 2019-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். யாராவது விலை பேசி வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இந்த ஒன்றுக்கு மட்டும் என் டப்பாவும் கல்யாணப் பத்திரிகையும் வேண்டாம். கடித்தால் கடுமையாக வலிக்கும், பல நாள் தசை இழுத்துப் பிடிக்கும். மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். பொந்துக்குள் பிள்ளைகள் கையோ குச்சியோ விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் தென்பட்டால் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். விடியுமுன் மரத்துக்குத் திரும்பிவிடும்.

மரம் எத்தனை வருடத்தது, பொந்து தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வாயில் நூல் விரிப்பு தெரிகிறதா, இந்த மூன்றையும் எழுதுங்கள். ஆளைக் கூப்பிட்டு மரத்துக்கு விலை பேசுமுன் என் பதில் வரும்வரை பொறுத்திருங்கள் ஐயா.